கோபால்ட் கலந்த துத்தநாக ஆக்சைடு: காந்தம் எங்கிருந்து வருகிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

முனைவர் பட்ட ஆய்வில் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். துத்தநாக ஆக்சைடில் 5% கோபால்ட் சேர்த்து சோல்-ஜெல் முறையில், அதாவது கரைசலை ஜெல்லாக்கிச் சுட்டு, பொடி செய்தேன் (நைட்ரேட் உப்புகள், சிட்ரிக் அமிலம், 500 டிகிரியில் 2 மணி நேரம்). எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிரால் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) துத்தநாக ஆக்சைடு மட்டுமே தெரிகிறது. அந்த வரைபடத்தில் அதன் (101) உச்சி 0.05 டிகிரி வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது. விஎஸ்எம்மில் (காந்தத்தன்மையை அளக்கும் கருவி) அறை வெப்பநிலையிலேயே தயக்கக் கண்ணி (ஃபெர்ரோகாந்தம் காட்டும் மூடிய வளைவு) வந்தது, கிராமுக்கு 0.001 இஎம்யூ (காந்த அளவின் அலகு). ஆர்கான்-ஹைட்ரஜனில் 400 டிகிரியில் சுட்டால் அது பல மடங்கு கூடுகிறது. ஆக்சிஜன் வெற்றிடங்களால் (படிகத்தில் ஆக்சிஜன் அணு இல்லாத காலி இடங்கள்) வந்த ஃபெர்ரோகாந்தம் (இரும்பில் உள்ளது போன்ற காந்தத்தன்மை) என்று எழுதச் சொல்கிறார் நெறியாளர். எழுதலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

இப்போதைக்கு வேண்டாம். உங்கள் எண்ணை வைத்தே கணக்குப் போடுவோம்.

கோபால்ட் அயனி ஒவ்வொன்றும் ஒரு போர் மேக்னட்டான் (அணு அளவில் காந்தத்தை அளக்கும் அலகு) மட்டும் கொடுத்தாலே கிராமுக்குச் சுமார் 3.4 இஎம்யூ வர வேண்டும். வந்திருப்பது அதில் மூவாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. உலோகக் கோபால்ட் கிராமுக்கு 160 இஎம்யூ தரும். ஆக, நீங்கள் போட்ட கோபால்டில் ஆறாயிரம் அணுவுக்கு ஒன்று உலோகத் துகளாக ஒதுங்கியிருந்தாலே இந்தக் கண்ணி வந்துவிடும். இரும்பு என்றால் 50 மில்லிகிராம் பொடிக்கு 0.23 மைக்ரோகிராம் போதும். பக்கத்துக்கு 30 மைக்ரான் உள்ள ஒரு துணுக்கு, தலைமுடியைவிட மெலிசு. ஸ்டீல் ஸ்பேச்சுலாவின் முனையிலிருந்து உதிர அது ஒன்றும் பெரிய அளவில்லை. 2004-இல் ஹாஃப்னியம் ஆக்சைடுப் படலங்களில் காந்தம் என்று செய்தி வந்தது. அடுத்த ஆண்டே ஐபிஎம் ஆய்வாளர்கள், சுத்தமான படலத்தில் ஒன்றுமில்லை, துருப்பிடிக்காத எஃகு இடுக்கியால் தொட்டால் அதே போன்ற சிக்னல் வருகிறது என்று காட்டினார்கள்.

எக்ஸ்ஆர்டியில் வேறு எதுவும் தெரியவில்லை என்பது இங்கே சாட்சியாகாது. எடையில் 2–3 சதவீதத்துக்குக் கீழே இருப்பதை அது சாதாரணமாகக் காட்டாது. நாம் தேடுவதோ மொத்தப் பொடியின் எடையில் பத்து லட்சத்தில் ஆறு பங்கு. போதாததற்கு Co₃O₄ என்ற கோபால்ட் ஆக்சைடின் முதன்மை உச்சி 36.85 டிகிரியில், உங்கள் (101) உச்சியின் (36.25) வாலில் மறைந்துகொள்ளும். 59.4 டிகிரியில் துத்தநாக ஆக்சைடுக்கு உச்சி கிடையாது, அங்கே மெதுவாக ஸ்கேன் செய்யுங்கள். ராமன் நிறமாலையில் 690 செ.மீ⁻¹ பக்கம் பாருங்கள். Co₃O₄ அறை வெப்பநிலையில் ஃபெர்ரோகாந்தம் அல்ல, ஆனால் அது இருந்தால் கோபால்ட் முழுவதும் துத்தநாக ஆக்சைடின் படிக அணிக்கோவைக்குள் போகவில்லை என்று பொருள்.

0.05 டிகிரி நகர்வையும் நம்ப வேண்டாம். நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த நான்முகி இடத்தில் Zn²⁺ ஆரம் 0.60, Co²⁺ 0.58 ஆங்ஸ்ட்ராம்; வித்தியாசம் அற்பம். பொடி, ஹோல்டரின் விளிம்புக்கு மேல் 0.1 மில்லிமீட்டர் குவிந்திருந்தாலே அந்த நகர்வு வந்துவிடும். 10% சிலிக்கான் பொடி கலந்து, அதன் 28.44 டிகிரி உச்சியை வைத்துத் திருத்துங்கள்.

ஹைட்ரஜன் விஷயம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. 400 டிகிரியில் ஹைட்ரஜன் ஆக்சிஜன் வெற்றிடத்தை மட்டும் உண்டாக்கிவிட்டு நிற்காது. ஒதுங்கிக் கிடக்கும் கோபால்ட் ஆக்சைடை உலோகமாக்கிவிடும். துத்தநாக ஆக்சைடு அந்தச் சூட்டில் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சிட்ரேட் ஜெல் எரியும்போதும் இதே கதைதான். மூடிய குரூசிபிளில், கனமான அடுக்கில் எரிந்தால் உள்ளே காற்று போதாமல் கார்பன் கோபால்டை ஒடுக்கும். பொடியின் நிறத்தைப் பாருங்கள். கோபால்ட் சரியான இடத்தில் உட்கார்ந்தால் இலைப்பச்சை வரும், யூவி-விசிபிளில் 567, 612, 655 நானோமீட்டர் அருகே மூன்று உறிஞ்சல்கள் தெரியும். சாம்பல் தட்டினால் சந்தேகப்படுங்கள்.

மறுபடி செய்யுங்கள். 0.05 மோலுக்கு துத்தநாக நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 14.13 கிராம், கோபால்ட் நைட்ரேட் ஹெக்ஸாஹைட்ரேட் 0.728 கிராம். இரண்டும் ஈரம் இழுப்பவை. நாள்பட்ட பாட்டில் என்றால் கணக்குத் தப்பும். பிளாஸ்டிக் ஸ்பேச்சுலா, அகேட் உரல். தேய்ந்த காந்தக் கலக்கி வேண்டாம். ஜெல்லை அகலமான திறந்த குரூசிபிளில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, நிமிடத்துக்கு 2 டிகிரி வேகத்தில் ஏற்றுங்கள். கூடவே கோபால்ட் இல்லாத பொடி ஒன்றை அதே பாத்திரங்களில் அதே படிகளில் செய்து அளந்துவிடுங்கள். காலி ஹோல்டரையும் தனியாக அளக்க வேண்டும். கோபால்ட் இல்லாத பொடியிலும் கண்ணி வந்தால் உப்பு லேபிளில் இரும்பு அளவைப் பாருங்கள், ஐசிபி-எம்எஸ்ஸுக்கும் (மிக நுண்ணிய உலோக அளவைக் காணும் சோதனை) அனுப்புங்கள்.

அதன்பின் 5 கெல்வினில் ஒரு அளவீடு. 5% சீராகப் பரவினால், ஒரு கோபால்டின் 12 நேர்மின் அயனி அண்டைகளில் இன்னொரு கோபால்ட் இல்லாமலிருக்கும் வாய்ப்பு 54% தான். மீதிப்பேர் ஆக்சிஜன் வழியாக அண்டையோடு எதிர்த்திசையில் பிணைந்துகொள்வார்கள். ஆகவே கிடைக்க வேண்டியது, கோபால்டுக்கு 3 போர் மேக்னட்டானுக்குக் குறைந்த பாராகாந்த வளைவு (புலத்தை எடுத்தால் காந்தம் போய்விடும், கண்ணி இராது). அது கிடைத்து, கண்ணி மறைந்தால் பொடி நன்றாக வந்திருக்கிறது. அதையே கட்டுரையாக எழுதுங்கள். கண்ணி மிஞ்சினால் ஹைட்ரஜனில் சுட்ட பொடியைக் காற்றில் 500 டிகிரியில் திரும்பச் சுட்டு அளந்து, ஹைட்ரஜனுக்கு முன், பின், காற்றில் சுட்ட பின் என மூன்று வளைவுகளையும் ஒரே படத்தில் போட்டு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.