யோசேப்பு சிபாரிசு கேட்டது விசுவாசக் குறைவா?

ஆபிரகாம், யாக்கோபு, யோசேப்பு கதைகளில் இருந்து சோதனைக் காலத்துக்கு என்ன பாடம் எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டு, போதாக்குறைக்குச் சுற்றி இருப்பவர்கள் சொல்லும் ஆறுதலையும் தாங்க முடியாமல் இருக்கிறவர்கள்தான் பெரும்பாலும் இப்படிக் கேட்பார்கள். நீங்களும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கம்பெனியில் ஆள் குறைப்பு செய்து எனக்கு வேலை போயிருந்தது. நாற்பதைத் தாண்டிய வயது, தலைக்கு மேல் வீட்டுக் கடன். பழைய ஆபீஸ் நண்பர்களிடம் எல்லாம் "உங்க இடத்துல ஏதாவது இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் ஜெபக்கூட்டத்தில் ஒரு பெரியவர், நல்ல மனிதர்தான், எல்லார் முன்னாலும் சொன்னார்: "தம்பி, மனுஷனை நம்பாதீங்க. பானபாத்திரக்காரனை நம்பினதாலதான் யோசேப்பு இன்னும் ரெண்டு வருஷம் சிறையில கிடந்தான்." சுற்றி இருந்தவர்கள் ஆமென் வேறு சொன்னார்கள். பானபாத்திரக்காரன் என்றால் எகிப்து ராஜா பார்வோனுக்கு மது ஊற்றிக் கொடுப்பவன். செய்யாத தப்புக்காக யோசேப்பு கிடந்த அதே சிறையில் அவனும் இருந்தான், சீக்கிரமே பழைய வேலைக்குத் திரும்புவாய் என்று அவன் கண்ட சொப்பனத்துக்கு யோசேப்பு அர்த்தம் சொல்லியிருந்தான். அன்று ராத்திரியே இந்தக் கதை வரும் பைபிளின் முதல் புத்தகம் ஆதியாகமத்தை எடுத்துப் படித்தேன், பக்தியில் இல்லை, கோபத்தில்.

அதில் அப்படி ஒரு வரி கிடையாது. பெரியவர் சொந்தமாகக் கட்டிவிட்டதும் இல்லை, 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷியே இந்த விளக்கத்தைச் சொல்லியிருக்கிறார் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஆனால் மூலக் கதையில் யோசேப்பு வெளிப்படையாகவே கேட்கிறான்: உனக்கு நல்லது நடக்கும்போது என்னை நினைத்துக்கொள், பார்வோனிடம் சொல்லி என்னை இங்கிருந்து எடுத்துவிடு, இங்கே கிடக்கிற மாதிரி நான் ஒரு தப்பும் செய்யவில்லை. கேட்டதற்காகக் கடவுள் கோபித்தார் என்று எங்கும் இல்லை. மறந்தது அந்த ஆள், அவ்வளவுதான். இரண்டு வருஷம் கழித்து பார்வோனின் சொப்பனத்துக்கு அர்த்தம் தெரியாமல் எகிப்தின் மந்திரவாதிகள் எல்லாரும் முழித்தபோது யோசேப்பைப் பற்றி வாயைத் திறந்ததும் அதே ஆள்தான். தன் சொப்பனம் பலித்ததால்தான் அவனுக்கு ஞாபகம் வந்தது, யோசேப்பு கேட்டுக்கொண்டதால் இல்லை என்று நீங்கள் வாதாடலாம். சரி, இருக்கட்டும். அப்போதும் விடுதலை ஒரு மனுஷன் வாய் வழியாகத்தானே வந்தது?

வசனம் அனுப்பக் காத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவன், காத்திருப்பது வீண் என்று சொல்லவில்லை. ஆபிரகாம் 75 வயதில் ஆரான் ஊரை விட்டுக் கிளம்பி, கடவுள் வாக்குக் கொடுத்த மகன் ஈசாக்கை 100 வயதில்தான் கண்டார், அதை யார் மறுத்தார்கள்? ஆனால் அவர் அந்த 25 வருஷமும் வாயைக் கட்டிக்கொண்டா இருந்தார்? "எனக்குப் பிள்ளை இல்லையே, என்ன தருவீர்?" என்று கேட்டார். கடவுள் அழிக்க இருந்த சோதோம் ஊருக்காக, 50 நீதிமான்கள் இருந்தால் விட்டுவிடுவீரா என்று ஆரம்பித்து 10 வரைக்கும் மீன் சந்தையில் பேசுகிற மாதிரி பேரம் பேசினார். யாக்கோபோ, தான் 20 வருஷம் உழைத்ததையும் மாமனார் லாபான் பத்து முறை சம்பளத்தை மாற்றியதையும் அவர் முகத்துக்கு நேராகவே கொட்டித் தீர்த்தார். செத்துப்போனான் என்று நினைத்த மகன் யோசேப்பு திரும்பக் கிடைத்த பிறகும், 130 வயதில் பார்வோன் முன்னால் நின்று, என் நாட்கள் கொஞ்சம்தான், அதுவும் சஞ்சலமாகவே போனது என்றார். இன்றைக்கு ஒருத்தர் சாட்சி சொல்லும்போது அப்படிப் பேசினால் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள்.

மறதி என்றதும் இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டு, மூன்று ரவுண்டு உட்கார வைத்து, மாமனார் ஊர் வரைக்கும் விசாரித்துவிட்டு, வேலை இல்லை என்று சொல்ல ஒரு வரி மெயில்கூட அனுப்பாத கம்பெனிகள் இருக்கின்றனவே, அவர்களோடு ஒப்பிட்டால் பானபாத்திரக்காரன் தங்கம். ஒரு மனுஷன் தினமும் போனையே பார்த்துக்கொண்டிருப்பான் என்று அந்த ஹெச்ஆர் ஆட்களுக்குத் தோன்றவே தோன்றாதா?

கடைசியில் எனக்கு வேலை கிடைத்தது யார் சிபாரிசிலும் இல்லை, விளம்பரம் பார்த்துப் போட்ட விண்ணப்பத்தில். அதையும் அந்தப் பெரியவர் தன் பேச்சுக்குச் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டார். உங்களிடமும் யாராவது யோசேப்பைக் காட்டி வாயை மூடச் சொன்னால், ஆதியாகமம் 40ஆம் அதிகாரம், 14, 15 வசனங்களை அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.