மேனேஜரைக் கொல்லலாம், திருடனாக்கலாமா?

கேள்வி: ஒரு தனியார் நகைக்கடன் நிறுவனத்தின் கிளையில் பல வருடம் கணக்கு பார்த்துவிட்டு, சென்ற ஆண்டு வேலையை விட்டேன். அந்த அனுபவங்களை வைத்து நகைச்சுவையாக ஒரு மர்ம நாவல் எழுதியிருக்கிறேன். கிளை மேனேஜர் ஸ்ட்ராங் ரூமில் இறந்து கிடக்கிறார். அடகுப் பாக்கெட்டுகளில் தங்கம் போய் கவரிங் இருக்கிறது. அலுவலகத்தில் நடந்த பாலியல் புகார் விசாரணை ஒன்றையும் கிண்டலாகச் சேர்த்திருக்கிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன். ஆனால் படித்துப் பார்த்த பழைய தோழி, "எல்லாரையும் அடையாளம் தெரியுதுடி, கேஸ் போடுவாங்க" என்கிறாள். வேலையில் சேரும்போது ரகசியம் காப்பதாகக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். நாவலை வெளியிடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வெளியிடலாம், சில இடங்களை மாற்றிய பிறகு. மேனேஜரைக் கொன்றதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. கதையில் செத்துப்போவதால் மட்டும் யாருடைய மானமும் போய்விடாது. என் கவலையெல்லாம் கடைசி அத்தியாயம்தான். கவரிங்கை வைத்தது யார்?

மர்மக் கதை என்றால் குற்றவாளி ஒருவர் வேண்டும். அவர் உங்கள் பழைய கிளையில் இன்றும் உட்கார்ந்திருக்கும் ஆளாகத் தெரிந்தால், செய்யாத திருட்டை அவர்மேல் சுமத்தியதாக ஆகிவிடும். இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு (பழைய தண்டனைச் சட்டத்தில் 499, 500) இதை அவதூறு என்கிறது. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல் (கடின உழைப்பு இல்லாத சிறை), அல்லது அபராதம், அல்லது இரண்டும். இப்போது சமூக சேவையையும் தண்டனையாக விதிக்கலாம். இதைத் தவிர, நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கும் போடலாம். அதற்கு வெளியான நாளிலிருந்து ஓராண்டு கெடு.

பெயரை மாற்றினால் போதாது. உண்மையில், கற்பனைப் பெயரே ஒரு பத்திரிகையை மாட்டிவிட்டிருக்கிறது. இங்கிலாந்தில் அந்தப் பத்திரிகை, ஆர்டெமஸ் ஜோன்ஸ் என்று ஒருவரைக் கற்பனை செய்து, தேவாலயப் பொறுப்பில் இருக்கும் அந்த மனிதர் மனைவியல்லாத ஒரு பெண்ணோடு பிரான்சில் உல்லாசமாக இருப்பதாக வேடிக்கையாக எழுதியது. அதே பெயரில் நிஜமாகவே ஒரு வழக்கறிஞர் இருந்தார்! 1,750 பவுண்டு நஷ்டஈடு வாங்கினார். 1909-இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையும் அதை உறுதி செய்தது. அவரை நினைத்து எழுதவில்லை என்ற வாதம் எடுபடவில்லை. தெரிந்தவர்கள் படித்தால் யாரை நினைப்பார்கள் என்பதுதான் கேள்வி. குற்ற வழக்கில் உங்கள் நோக்கத்தையோ, தெரிந்தே செய்தீர்கள் என்பதையோ, தெரிந்திருக்கக் காரணம் இருந்தது என்பதையோ காட்ட வேண்டும். உங்கள் தோழி சொல்லிவிட்டாளே, இனி 'எனக்குத் தெரியாது' என்று சொல்வது கஷ்டம். 'யாவும் கற்பனையே' என்ற முதல் பக்க வரியைப் போடுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள்.

நகைச்சுவை என்பதால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். வஞ்சப்புகழ்ச்சியாகச் சொன்னாலும் அவதூறுதான் என்று சட்டமே சொல்கிறது. 'அவர் நேர்மையானவர், இன்னாருடைய கடிகாரத்தை அவர் திருடவே இல்லை' என்று, திருடினார் என நம்பவைப்பதற்காகச் சொல்வதை அந்தப் பிரிவே உதாரணமாகக் காட்டுகிறது. உங்கள் நாவலில் பாதி வசனம் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, நடந்ததை அப்படியே எழுதினால்? சிவில் வழக்கில் உண்மை நல்ல கவசம். குற்ற வழக்கில் உண்மை மட்டும் போதாது, அதை வெளியிட்டது பொதுநன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். மேனேஜரின் குறட்டையில் என்ன பொதுநன்மை என்று நீதிபதி கேட்டால் பதில் சொல்வது சிரமம். ஆனால் குறட்டைக்காக யாரும் நீதிமன்றம் வரை வரமாட்டார்கள். சில்லறைப் பழக்கவழக்கங்களைத் தாராளமாக எழுதுங்கள். குற்றவாளியை மட்டும் முழுக்க முழுக்கக் கற்பனையில் செய்யுங்கள், உங்கள் கிளையில் இல்லவே இல்லாத ஒரு பதவியைக் கொடுத்து. நிறுவனமும் அவதூறு வழக்குப் போடலாம் என்பதால் ஊரையும் தொழிலையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. சீட்டு கம்பெனியிலோ பாத்திரக்கடையிலோ மர்மம் குறைந்துவிடாது. யாராவது இறந்துவிட்டார், இனி பயமில்லை என்று எண்ணாதீர்கள். குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கத்தோடு எழுதினால் இறந்தவர் விஷயத்திலும் அவதூறு உண்டு.

அந்தப் புகார் விசாரணை அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, 16-ஆவது பிரிவு, புகார் கொடுத்தவர், புகாருக்கு ஆளானவர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் விசாரணை விவரங்களையும் வெளியிடத் தடை விதிக்கிறது. இங்கே உண்மை என்ற கவசமும் உதவாது. கிண்டலுக்கு அது இடமும் இல்லை என்பது என் சொந்த அபிப்பிராயம்.

கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் உங்கள் வாயையே பூட்டிவிடாது. வாடிக்கையாளர் யார், என்ன நகை, எவ்வளவு கடன், ஸ்ட்ராங் ரூம் சாவி யாரிடம், அலாரம் எப்படி வேலை செய்கிறது போன்றவற்றை எழுதாதீர்கள். டீ நேரத்து வம்பு ரகசியமல்ல. அப்புறம், அலுவலகச் சுற்றறிக்கையையோ மெமோவையோ வரிக்கு வரி எடுத்துப் போடாதீர்கள். வேலையின் பகுதியாக எழுதப்பட்டவற்றின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனத்துடையது. அந்த மெமோவை நீங்களே டைப் செய்திருந்தாலும்தான். அதே தொனியில் நீங்களாக ஒன்றை எழுதிக்கொள்ளலாம்.

பதிப்பகத்தில் கொடுக்கிறீர்கள் என்றால் ஒப்பந்தத்தைக் கடைசிவரை படியுங்கள். வழக்கு வந்தால் செலவும் நஷ்டஈடும் ஆசிரியர் பொறுப்பு என்று ஒரு ஷரத்து இருக்கக்கூடும். அதை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால், அச்சுக்குப் போகும் முன் பிரதியை அவர்கள் செலவில் ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்க்க வேண்டும் என்றாவது எழுதி வாங்குங்கள்.