ஆடு மேயும் பொட்டலில் ஆட்காட்டி முட்டையைக் காப்பது எப்படி?

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் 3 ஏக்கர் மானாவாரித் தரிசில் 20 செம்மறி மேய்க்கிறேன். கோடையில் ஆட்காட்டிப் பறவையும் கவுதாரியும் தரையில் முட்டையிடுகின்றன. பாதி முட்டை ஆட்டுக் காலில் மிதிபட்டுப் போகிறது. மேய்ச்சலை விடாமல் இவற்றைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: முடியும். மேய்ச்சலை விடவும் கூடாது. ஆட்காட்டிக்கு நாலு பக்கமும் பார்வை படும் வெட்டவெளி வேண்டும். புல் உயர்ந்துவிட்டால் அங்கே முட்டையிடாது. கவுதாரி நேர்மாறு, புல் தூரடியிலோ சூரைப் புதரடியிலோ ஒளிந்துதான் அடைகாக்கும். அதனால் நிலத்தை நான்கு பாகமாக்குங்கள். செம்புறாங்கல் தெரியும் மேட்டுப் பாகத்தை மாசி முடிய ஒட்ட மேயவிட்டு, பங்குனி முதல் வைகாசி வரை அடைத்துவிடுங்கள். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயக் கண்மாயில் மழைக்குப் பின் மரத்தில் கூடு கட்டும் நாரைகளை வைத்து இவற்றின் காலத்தைக் கணக்குப் போடாதீர்கள். இவற்றுக்குக் கோடைதான் பருவம்.

அந்த 3 மாதத் தீவனத்துக்கு ஆட்டுக்கு நாளொன்றுக்கு அரை கிலோ கடலைக்கொடி வீதம் 900 கிலோ முன்கூட்டியே போராகக் குவித்து வைத்திருங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் சித்திரையில் வேறு வழியின்றி அடைப்பைத் திறந்துவிடுகிறார்கள்.

அடைப்புக்கு வெளியேயும் முட்டை இருக்கும். ஆட்காட்டி பெரும்பாலும் 4 முட்டை இடும்; அடைகாப்பு 28 முதல் 30 நாள். முட்டையிலிருந்து 10 அடி தள்ளி நான்கு முளை அடித்து, ஒரு அடி, இரண்டு அடி உயரத்தில் இரு சுற்றுக் கயிறு கட்டினால் போதும். முள்ளை வெட்டிக் குவிக்க வேண்டாம். பார்வை மறைந்தால் பறவை கூட்டை விட்டுவிடும். முட்டைக்குப் பக்கத்தில் அடையாளக் குச்சியும் நடாதீர்கள், காக்கை வந்து உட்கார இடமாகிவிடும். உச்சி வெயிலில் கிட்டே போகவே கூடாது. அந்நேரம் தாய்ப்பறவை முட்டைக்கு நிழலாக நிற்கும். வயிற்றிறகை நனைத்து வந்தும் குளிர்விக்கும். கால் மணி நேரம் அதை விரட்டி நிறுத்தினாலே கரு வெந்துபோகலாம்.

கிடை போடுமுன், அதாவது ஆட்டை இரவில் நிலத்தில் அடைக்குமுன், மாலையில் அந்த இடத்தைக் குறுக்கும் நெடுக்கும் நடந்து பாருங்கள். பறவை கத்திக்கொண்டு தலைக்கு மேல் சுற்றினால் கிடையை வேறு பாகத்துக்கு மாற்றுங்கள். கோடை உழவிலும் இப்படியே, முட்டையைச் சுற்றி ஒரு திட்டை உழாமல் விடுங்கள்.

கவுதாரிக்காக ஒரு பாகத்தில் புரட்டாசி மழைக்குக் கொழுக்கட்டைப்புல் மூன்று வரிசை, முயல் மசால் என்ற தீவனப் பயிர் ஒரு வரிசை என்று விதையுங்கள். முயல் மசால் விதைக்குத் தோல் கடினம். 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் வைத்து, பிறகு ஓர் இரவு குளிர்ந்த நீரில் ஊறப்போடாவிட்டால் முளைப்பு சீராக இருக்காது. அறுக்கும்போது அரை அடி தூர் விட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அறுங்கள். சுற்றிலிருந்து உள்ளே அறுத்து வந்தால் பறவையும் குஞ்சும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

நிலத்தில் சீமைக் கருவேலம் இருந்தால் ஒரே மூச்சில் அழிக்க வேண்டாம். முதலில் ஓரத்தில் கிளுவைப் போத்து (கிளைத்துண்டு) நட்டு வேலியாக்குங்கள். அது தழைத்த பிறகு கருவேலத்தைப் பகுதி பகுதியாக வேரோடு எடுங்கள்.

குஞ்சுகள் பொரித்த ஓரிரு நாளில் தாயோடு நடந்துவிடும். கயிற்றை அவிழ்த்த பிறகும் சில வாரம் நாயைக் கட்டிவைத்து, ஆட்டை விரட்டாமல் மெல்ல மேயவிடுங்கள். ஆபத்து என்றால் குஞ்சு ஓடாது. அசையாமல் மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கொள்ளும்.