அடர்த்தி வேறு, நெரிசல் வேறு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எங்களுடையது சின்ன நகரம். எங்கள் தெருவில் இரண்டு பழைய வீடுகளை இடித்துவிட்டு நான்கு மாடிகளில் பதினாறு குடியிருப்புகள் கட்டப்போகிறார்கள். அந்த வீடுகளில் இப்போது இருப்பவர்கள் வாடகைக்காரர்கள் மட்டும்தான், காலி செய்துவிடுவார்கள். தெருவின் அமைதி, வெளிச்சம், வண்டி நிறுத்த இடம் எல்லாம் போய்விடும். வருகிறவர்கள் எப்படிப்பட்டவர்களோ! நெரிசல் வேண்டாம் என்று மனு தயாராகிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கையெழுத்துப் போடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

'நெரிசல்' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் சொல் அது.

ஓர் ஏக்கரில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பது அடர்த்தி. ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பதுதான் நெரிசல். 1859ல் செர்தா என்ற பொறியாளர் திட்டம் வரைந்த, ஸ்பெயினின் பார்சலோனா நகரத்து எஷாம்ப்ளா இன்று ஐரோப்பாவிலேயே மிக அடர்த்தியான பகுதிகளில் ஒன்று. அங்கே பெரும்பாலும் ஆறு, ஏழு மாடிகள்தான். வானுயரக் கட்டடம் வேண்டியிருக்கவில்லை.

நான் சிறுவனாக இருந்த தெரு, வெளியிலிருந்து பார்த்தால், நீங்கள் விரும்பும் தெருதான். தனித்தனி வீடுகள், மரங்கள், அமைதி. அதில் ஒரு வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறையில் நாங்கள் ஆறு பேர். படுத்திருப்பவர் எழுந்து உட்கார்ந்தால்தான் கதவு திறக்கும். அக்கா உடை மாற்றும்போது மற்ற ஐந்து பேரும் வெளியே போய் நிற்போம், மழையானாலும். அந்தத் தெருவில் நெரிசல் என்று யாரும் மனு எழுதியதில்லை. ஊரில் ஆட்கள் கூடி வீடுகள் கூடாவிட்டால், கூடியவர்கள் இப்படித்தான் யார் கண்ணிலும் படாமல் ஒண்டிக்கொள்வார்கள்.

'எப்படிப்பட்டவர்களோ' என்று எழுதியிருக்கிறீர்களே, அம்மா, படித்ததும் கோபம் வந்தது. எங்களைப் பற்றியும் இதையேதான் கேட்டார்கள். எத்தனை பேர் என்று வீட்டுக்காரர் கேட்டபோது அப்பா 'நாலு' என்றார். பொய்யே சொல்லாத மனிதர். நானும் தம்பியும் வாசலுக்கு அப்பால் மறைந்து நின்றோம்.

வண்டி நிறுத்துவதைப் பற்றி எனக்குப் பேசத் தோன்றவில்லை. வெளிச்சம் நியாயமான கவலை. வரைபடத்தைக் கேட்டு வாங்கி, பக்கவாட்டில் எவ்வளவு இடம் விடுகிறார்கள் என்று பாருங்கள். சாக்கடைக் குழாய் பதினாறு வீடுகளைத் தாங்குமா என்றும் கேளுங்கள். மற்றபடி, வீடுகள் கூடினாலே கோபுரம் எழும் என்பதில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டனில், 1998ல், நகரின் நடுப்பகுதியில் ஒரு வீட்டுக்கான குறைந்தபட்ச மனையளவை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 வரை குறைக்க அனுமதித்தார்கள். ஒரு வீடு இருந்த மனையில் மூன்று வீடுகள்கூட வந்தன. அவையும் அண்ணாந்து பார்க்கும் கோபுரங்கள் அல்ல.

சரி, கையெழுத்து. கட்டுவதைத் தடுக்கும் மனுவில் நான் போட மாட்டேன். ஆனால் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன 'வாடகைக்காரர்கள் மட்டும்தான்' என்னை விடமாட்டேன் என்கிறது. கட்டி முடியும்வரை அவர்கள் எங்கே இருப்பார்கள்? தாங்கக்கூடிய வாடகையில் அதே தெருவுக்குத் திரும்பி வர முடியுமா? அதை மனுவாக எழுதுங்கள், முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அவர்களிடம் சொல்லியாயிற்றா?