அமெரிக்கக் கால்பந்துத் தொடரான என்எஃப்எல்லில், பருவம் தொடங்குமுன் நடக்கும், வெற்றி தோல்வி கணக்கில் சேராத முன்பருவ ஆட்டங்களில் முதன்மை வீரர்கள் எவ்வளவு நேரம் ஆட வேண்டும்?

எல்லா வீரர்களுக்கும் ஒரே அளவு பொருந்தாது. ஆனாலும், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கும் அவருக்கு முன்னால் நின்று காக்கும் ஐந்து ஆஃபென்சிவ் லைன்மேன்களும் ஒரே ஆட்டத்தில் சேர்ந்து இறங்கி, இரண்டு டிரைவ்கள் (பந்து தம் அணியிடம் தொடர்ந்து இருக்கும் கட்டங்கள்), அதாவது சுமார் 10 முதல் 15 பிளேக்கள் (தனித்தனி நகர்வுகள்) வரை ஆட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பல ஆண்டுகளாகச் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் ஆட்டங்களைத் தொடர்ந்து பார்த்து வந்ததில் இந்த முடிவுக்கு வந்தேன்.

1978-இல் வழக்கமான பருவம் 16 ஆட்டங்களாகவும் முன்பருவம் 4 ஆட்டங்களாகவும் வகுக்கப்பட்ட பிறகு, மூன்றாவது முன்பருவ ஆட்டமே ஒத்திகையாகக் கருதப்பட்டு, முதன்மை வீரர்கள் அதில் பாதி ஆட்டத்துக்கும் மேலாகக் களத்தில் நிற்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2018-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் பயிற்சியாளர் ஷான் மெக்வே தம் முதன்மை வீரர்களை முன்பருவத்தில் பெரும்பாலும் இறக்கவே இல்லை. அணியோ அந்தப் பருவத்தில் சூப்பர் பௌல் எனும் இறுதிப்போட்டி வரை சென்றது. 2021-இல் வழக்கமான பருவம் 17 ஆட்டங்களாக நீண்டு, முன்பருவம் மூன்றாகச் சுருங்கியதும், வேறு பல அணிகளும் அதே வழியைப் பின்பற்றின.

முன்பருவத்தில் வீரர்கள் காயப்படுவார்கள் என்ற அவர்களுடைய அச்சத்தில் நியாயம் இருக்கிறது. 2003 ஆகஸ்டில் பால்டிமோருக்கு எதிரான முன்பருவ ஆட்டத்தில் அட்லாண்டாவின் குவார்ட்டர்பேக் மைக்கேல் விக்கின் கால் எலும்பு முறிந்தது. அட்லாண்டா அந்தப் பருவத்தை 5 வெற்றி, 11 தோல்விகளுடன் முடித்தது. 2015-இல் பிட்ஸ்பர்க்கில் நடந்த முன்பருவ ஆட்டத்தில் கிரீன் பே அணியின் ஜோர்டி நெல்சன் பந்தைப் பிடித்த பிறகு, எதிரணியினர் யாரும் மோதாமலேயே வலது முழங்காலின் தசைநார் கிழிந்து, அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். ஆனால் 2023-இல் நியூயார்க் ஜெட்ஸ் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் முன்பருவத்தில் ஒரே ஒரு ஆட்டத்தில் சிறிது நேரம் மட்டும் ஆடிவிட்டு, நலமாகவே முதல் ஆட்டத்துக்கு வந்து, தம் நான்காவது பிளேயிலேயே குதிகால் தசைநார் அறுந்து விழுந்தார். ஆகவே, ஓய்வு கொடுத்தால் காயம் வராது என்று நம்புவதற்கில்லை. காயத்துக்கான வாய்ப்பு சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

ஆடாததற்கும் ஒரு விலை உண்டு. 2022-இல் பெங்கால்ஸ் தன் ஆஃபென்சிவ் லைனில் நான்கு இடங்களுக்குப் புதிய வீரர்களைக் கொண்டுவந்தது. குடல்வால் அறுவை சிகிச்சையிலிருந்து மீண்டுகொண்டிருந்த குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ முன்பருவத்தில் ஆடவில்லை. அந்த லைனின் ஐவரும் ஒன்றாக ஒரு முன்பருவ ஆட்டத்திலும் நிற்கவில்லை. பிட்ஸ்பர்க்குக்கு எதிரான முதல் ஆட்டத்தின் முதல் டிரைவிலேயே பர்ரோ எறிந்த பந்தை எதிரணியின் மின்கா ஃபிட்ஸ்பாட்ரிக் பறித்துக்கொண்டு, எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி பெறும் டச்டவுனுக்கு ஓடினார். அன்று பர்ரோ பந்தை எறியுமுன் 7 முறை வீழ்த்தப்பட்டார், அவர் எறிந்த பந்தை எதிரணி 4 முறை பறித்தது. கூடுதல் நேரத்தில் அணி 23-20 என்று தோற்றது. அடுத்த வாரம் டாலஸிலும் தோல்விதான், அங்கும் அவர் 6 முறை வீழ்த்தப்பட்டார். அதே அணி பருவ முடிவில் 12 வெற்றிகளுடன் நின்றது. ஆள்களின் திறமையில் குறை இருக்கவில்லை, ஒருவரையொருவர் அறிந்துகொள்ள அவர்களுக்கு நேரம் போதவில்லை என்றே அதை நான் புரிந்துகொள்கிறேன்.

உதாரணமாக, எதிரணித் தடுப்பாளர்கள் இருவர் பாதி வழியில் குறுக்கே இடம் மாறி ஓடிவரும்போது, லைனின் உட்பக்கம் நிற்கும் கார்டு தன் ஆளை அருகில் ஓரத்தில் நிற்கும் டேக்கிளிடம் ஒப்படைத்துவிட்டு, உள்ளே பாய்ந்து வருபவரை எதிர்கொள்ள வேண்டும். இதற்குக் கிடைப்பது கண்ணிமைக்கும் நேரம்தான். வாய்விட்டுப் பேசிக்கொள்ள அவகாசம் இருக்காது. பயிற்சியில் குவார்ட்டர்பேக் தனி நிறச் சட்டையில் இருப்பார், அவரை யாரும் தொடக்கூடாது என்பதால், காப்பு உடைந்தாலும் பந்தை நிதானமாக எறிந்துவிடுவார். எந்த இடத்தில் உடைந்தது என்பது அவர் உடம்புக்குத் தெரியாமலே போய்விடும். இரண்டு அணிகள் சேர்ந்து நடத்தும் கூட்டுப் பயிற்சி லைன்மேன்களுக்கு நல்ல பயன் தரும், ஆனால் அங்கும் குவார்ட்டர்பேக்குக்கு இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது.

2025-இல் பெங்கால்ஸ் பர்ரோவை முன்பருவத்தில் இரண்டு ஆட்டங்களில் இறக்கியது. மூன்று ஆண்டுகள் முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்று 0-2 என்று தொடங்கிய அணி அந்த முறை இரண்டையும் வென்று 2-0 என்று தொடங்கியது. இதையே முழுச் சான்றாக நான் முன்வைக்க மாட்டேன், ஏனெனில் கிளீவ்லாந்துக்கு எதிரான முதல் வெற்றி 17-16 என்ற கணக்கில் தட்டுத்தடுமாறி வந்தது.

பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்குகளை முன்பருவத்தில் இறக்கவே வேண்டாம். அவர்களுடைய ஒவ்வொரு ஓட்டமும் மோதலில்தான் முடிகிறது, அதில் புதிதாகக் கற்க அவர்களுக்கு ஏதுமில்லை. முதலாண்டுக் குவார்ட்டர்பேக் மூன்று ஆட்டங்களிலும் ஆடட்டும். மற்றபடி நான் இரண்டாவது ஆட்டத்தைத் தேர்வேன். அன்று இடது டேக்கிள் காயத்தால் இறங்கவில்லை என்றால், குவார்ட்டர்பேக்கையும் இறக்க மாட்டேன், அந்த இரண்டு டிரைவ்களையும் மூன்றாவது ஆட்டத்துக்குத் தள்ளிவைப்பேன்.