தொழிலாளர் அத்தியாயத்தை நம்பலாமா?

கேள்வி: தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களில் இப்போது தொழிலாளர் உரிமையும் இடம்பெறுகிறதே, பலன் உண்டா?

மீறலை நடுவர் குழுவிடம் கொண்டுபோக வழிசெய்யும் சச்சரவுத் தீர்வு அத்தியாயம், தொழிலாளர் உரிமைக்கும் பொருந்துமா என்று முதலில் பாருங்கள். சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிச்டென்ஸ்டைன் நாடுகளோடு இந்தியா 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் பொருந்தாது. தொழிலாளர், சுற்றுச்சூழல் விதிகளை மீறினால் பேசிப் பார்க்கலாம். நடுவர் குழுவுக்குப் போக முடியாது.

பொருந்தினாலும் வாசகங்களில் சிக்கல் இருக்கும். அமெரிக்காவோடு வர்த்தக ஒப்பந்தம் உள்ள குவாதமாலாவில் தொழிலாளர் சட்டம் அமலாகவில்லை என்று தொழிற்சங்கங்கள் 2008-ல் அமெரிக்க அரசிடம் புகார் கொடுத்தன. பல ஆலைகளில் மீறல் உறுதியானது. ஆனாலும் அது 'வர்த்தகத்தைப் பாதிக்கும் வகையில்' தொடர்ந்து நடந்ததாக நிரூபிக்கவில்லை என்று 2017-ல் நடுவர் குழு வழக்கைத் தள்ளியது. வேலையிலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளி ஒன்பது ஆண்டு காத்திருந்து கண்டது இதுதான்!

கேள்வி: நடைமுறையில் பலன் தந்த ஏற்பாடு எது?

அமெரிக்கா-மெக்சிகோ-கனடா ஒப்பந்தத்தின் விரைவு நடவடிக்கை முறை. இதில் புகார் குறிப்பிட்ட ஆலையின் மீதே எழுகிறது. வாஷிங்டனுக்கு மனு வந்தால் 30 நாளில் பரிசீலிக்க வேண்டும். விசாரிக்கச் சொல்லி அமெரிக்காவின் கோரிக்கை போனதும் மெக்சிகோ 10 நாளில் பதில் சொல்லி, 45 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். தீர்வு இல்லையென்றால் அந்த ஆலைச் சரக்கின் வரிச்சலுகை பறிபோகலாம். நிர்வாகம் அசைவது இதனால்தான்.

மெக்சிகோவின் சிலாவ் நகரிலுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 2021 ஏப்ரலில் பழைய சங்கம் தன் ஊதிய ஒப்பந்தம் பற்றி நடத்திய வாக்கெடுப்பில் வாக்குச்சீட்டுகள் அழிக்கப்பட்டன. மே மாதம் அமெரிக்கா இந்த முறையைக் கையிலெடுத்தது. ஆகஸ்டில் நடந்த மறுவாக்கெடுப்பில் தொழிலாளர்கள் பழைய ஊதிய ஒப்பந்தத்தை நிராகரித்தார்கள். 2022 பிப்ரவரியில் சுதந்திரமான புதிய சங்கம் வென்றது. மே மாதம் 8.5 சதவீத ஊதிய உயர்வு கிடைத்தது.

ஒரு பெரிய குறை: அமெரிக்க ஆலைகள் மீது இதே வேகத்தில் புகார் கொடுக்க வழியில்லை. அங்குள்ள தொழிலாளர் வாரியம் அந்த ஆலை மீது ஏற்கெனவே உத்தரவு பிறப்பித்திருந்தால்தான் முடியும். இது நியாயமே இல்லை.

கேள்வி: சுற்றுச்சூழலைக் காத்ததற்காக ஒரு நிறுவனம் அரசின் மீதே வழக்குப் போட முடியுமா?

வெளிநாட்டு முதலீட்டாளர் அரசின் மீது வழக்குப் போட அனுமதிக்கும் பிரிவு ஒப்பந்தத்தில் இருந்தால் முடியும். மெக்சிகோவில் நச்சுக்கழிவுக் கிடங்குக்கு உள்ளூர் நகராட்சி அனுமதி மறுத்தது. மாநில அரசும் அந்தப் பகுதியைக் காப்பிடமாக அறிவித்தது. கிடங்கை அமைத்த மெட்டல்க்ளாட் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு மெக்சிகோ சுமார் 1.67 கோடி டாலர் தரவேண்டும் என்று 2000-ல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவின் 2016 மாதிரி முதலீட்டு ஒப்பந்தம், முதலீட்டாளர் நடுவர் மன்றம் போகும் முன் முதலில் ஐந்தாண்டு நம் நீதிமன்றங்களில் முயல வேண்டும் என்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2024-ல் செய்த முதலீட்டு ஒப்பந்தத்தில் அது மூன்றாண்டாகக் குறைந்துவிட்டது. இந்தத் தளர்வு சரியல்ல.

கேள்வி: இதில் நாடாளுமன்றத்துக்கு என்ன வேலை?

இந்தியாவில் ஒப்பந்தத்தை ஏற்க நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமில்லை. அமெரிக்காவில் காங்கிரஸ் வாக்களித்தாக வேண்டும். மேலே சொன்ன விரைவு முறை, அமெரிக்கா-மெக்சிகோ-கனடா ஒப்பந்தத்தின் 2018 நவம்பரில் கையெழுத்தான வாசகத்தில் இல்லை. பிரதிநிதிகள் சபையின் ஜனநாயகக் கட்சியினர் ஒப்புதல் தர மறுத்துப் பேரம் பேசியதால்தான் 2019 டிசம்பர் திருத்தத்தில் அது சேர்ந்தது.