முடக்குவாதமும் வெள்ளையணுக் குறைவும்: ரத்தவியல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: முடக்குவாதம் உள்ள என் தாயாருக்கு வெள்ளையணுக்கள் குறைந்து மண்ணீரலும் பெருத்திருப்பதால், ஃபெல்டி நோய்க்குறி என்கிறார்கள். மூட்டுக்கும் ரத்தத்துக்கும் என்ன தொடர்பு?

பதில்: முடக்குவாதம் மூட்டோடு நிற்கும் நோயன்று; உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே திசைமாறித் தன் உடலைத் தாக்குவது. நாட்பட்ட மூட்டு அழற்சி, பெருத்த மண்ணீரல், குறைந்த வெள்ளையணு ஆகிய மூன்றும் சேர்ந்திருந்த ஐவரைப் பற்றி அமெரிக்க மருத்துவர் அகஸ்டஸ் ஃபெல்டி 1924இல் எழுதினார். முடக்குவாதம் உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே வரும் இது, பெரும்பாலும் பத்தாண்டுகளுக்குப் பின், மூட்டு வீக்கம் ஓரளவு அடங்கியிருக்கும் காலத்தில் தலைகாட்டுவதால் எளிதில் கவனம் தப்பிவிடுகிறது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள்மீது எதிர்ப்பொருள்கள் படிகின்றன. அவற்றை மண்ணீரல் பிடித்து அழிக்கிறது. எலும்பு மஜ்ஜையிலும் உற்பத்தி தடைபடுகிறது.

கேள்வி: ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் மொத்த வெள்ளையணு 2400. ஆபத்தா?

பதில்: நியூட்ரோஃபில் சதவீதம் தெரியாமல் சொல்ல இயலாது. 60 சதவீதமென்றால் 1440. 20 சதவீதமென்றால் 480. ஐந்நூறுக்குக் கீழே சென்றால் கிருமித் தொற்று உயிருக்கே உலை வைக்கலாம். சீழ் என்பது பெரும்பாலும் இந்த அணுக்கள்தாம் என்பதால், அவை இல்லாதவருக்குப் புண்ணில் சீழ் கட்டாமலே தொற்று பரவும். காய்ச்சல் மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். ஆகவே 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்த நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மருந்து அணுக்களைக் குறைக்கும் என்கிறார்கள், அதையே ஏன் இதற்கும் தருகிறார்கள்?

பதில்: குறைக்கக்கூடியதுதான். ஆனால் இந்நோயில் தாக்குதலையே அது தணிப்பதால், சில வாரங்களிலோ மாதங்களிலோ எண்ணிக்கை உயர்வதுண்டு. வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து இது. தினமும் விழுங்கி மஜ்ஜை முடங்கி இறந்தவர்கள் உண்டு. ட்ரைமெத்தோப்ரிம் கலந்த நுண்ணுயிர்க்கொல்லிகளை இதனுடன் சேர்க்கக் கூடாது.

கேள்வி: எதைச் சாப்பிட்டால் அணுக்கள் கூடும்?

பதில்: இந்தக் குறைவு உணவால் வந்ததன்று, உணவால் தீராது.

கேள்வி: மண்ணீரலை அகற்றினால் முடிந்துவிடுமே? மருந்து மருந்தென்று ஏன் இழுத்தடிக்கிறீர்கள்?

பதில்: பழைய வழி அதுதான். அகற்றியதும் எண்ணிக்கை உயரும். ஆனால் சிலருக்கு மறுபடியும் சரியும், மண்ணீரல் இல்லாத உடலோ நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளுக்கு ஆயுள் முழுவதும் இடம்கொடுக்கும். மருந்துகள் கைகொடுக்காதபோது மட்டுமே அதை எண்ண வேண்டும்.

அதே வாசகர்: அப்படியென்றால் அந்தக் காலத்து மருத்துவர்கள் அறிவிலிகளா?

பதில்: இல்லை, எதிர்ப்பொருள் உற்பத்தியைக் குறைக்கும் ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்து அவர்களிடம் இருக்கவில்லை. அறுவைக்கு அவசரப்படுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துகள்கள் கொண்ட பெரிய லிம்போசைட்டுகள் (வெள்ளையணுக்களில் இன்னொரு வகை) பெருகும் ரத்தப் புற்றுநோயும் முடக்குவாதத்துடன் சேர்ந்து வரலாம். அதிலும் நியூட்ரோஃபில் குறையும், மண்ணீரல் பெரிதாகும். இரண்டையும் பிரித்தறிய ரத்தப்பூச்சை நுண்ணோக்கியில் பார்ப்பதோடு, லிம்போசைட்டுகள் ஒரே அணுவின் வழித்தோன்றல்களா என்றும் சோதிக்க வேண்டும். இந்தப் புற்றுநோய் மெதுவாக வளர்வது. பலருக்கு மெத்தோட்ரெக்சேட்டே அதற்கும் மருந்து.

கேள்வி: ஃபெல்டி நோயாளி நான். இரண்டு நாளாகக் காய்ச்சல், 38.6. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருக்கலாமா?

பதில்: மேலே எழுதியதைப் படிக்கவில்லையா? காத்திருக்கக் கூடாது. அடுத்த கேள்வி எழுதாமல் இப்போதே கிளம்புங்கள். போனதும் முதலில் உங்கள் நோயின் பெயரைச் சொல்லுங்கள்.